குறைந்த வரியும் குறையாத விலையும்

சுவாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடுக்க மாட்டான் என்பது நாட்டிலே வழங்கும் பழமொழி. கோயிலைப் பற்றிப் பிறந்த இம்மொழி கடைத்தெருவுக்கும் நன்கு பொருந்துகின்றது. அரசாங்கம் ஒரு பண்டத்தின் மீதுள்ள வரியைக் குறைக்கின்றது. வானொலியிலும் பத்திரிகையிலும் அச்செய்தி வருகின்றது. மறுநாட் காலையிலே பையுடன் கடைக்குச் செல்லும் தாய், நேற்றைய விலையையே இன்றும் கொடுத்துத் திரும்புகின்றாள். குறைந்த வரி எங்கே போயிற்று? அதனை எடுத்துக்கொண்டவர் யாவர்? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் வரலாற்றை நோக்கின், நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வினா பல வேடங்களிலே தலைகாட்டி வந்திருப்பதைக் காணலாம்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று பெயர் சொன்ன அளவிலேயே தேயிலை மலைகள் கண்முன் வந்து நிற்கும். முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்ட இத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் தம் உழைப்பைக் கொடுத்தனர். மலையிலே விளைந்த பொருள் கொழும்புக்கு இறங்கிற்று. மலையிலே உண்ணப்பட்ட பொருளிற் பெரும்பகுதி கொழும்பிலிருந்து ஏறிற்று. புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இலேதான். அதற்கு முன்னர் மாட்டு வண்டிகளும் பொதிமாடுகளுமே அரிசி மூடைகளைச் சுமந்தன. துறைமுகத்திலே ஒரு விலை, கொழும்புப் புறக்கோட்டையிலே ஒரு விலை, பதுளைக் கடைவீதியிலே ஒரு விலை, தோட்டத்து லயத்தருகேயுள்ள சிறுகடையிலே ஒரு விலை எனப் படி ஏற ஏற விலையும் ஏறிற்று. வரிக்குறைப்பு மக்களை அடைய வேண்டுமாயின், அதுவும் இத்தனை படிகளையும் கடந்தே வரவேண்டும். இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

முதலில் நெல் வரியின் கதையைக் காண்போம். பிரித்தானியர் ஆட்சியிலே இலங்கையில் விளைந்த நெல்லுக்கு வரி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அரிசிக்குத் துறைமுகத்திலே சுங்கத் தீர்வை இருந்தது. 1878ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டத்தின் பின்னர் இவ்வரியைப் பணமாகக் கட்டும் முறை பரவிற்று. பணப்புழக்கம் அருகிய மலைக்கிராமங்களிலே இது பெருந்துன்பமாயிற்று. 1880ஆம் ஆண்டுகளிலே வலப்பனையிலும் ஊவாவிலும் வரி கட்ட இயலாத உழவர்களின் வயல்கள் ஏலத்திலே போயின. பலர் நிலமிழந்து அலைந்தனர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இக்கொடுமையை வெளிப்படுத்தினார். இங்கிலாந்திலும் இது பற்றிய வாதங்கள் எழுந்தன. ஈற்றில் 1892ஆம் ஆண்டு, தேசாதிபதி சேர் ஆதர் ஹவ்லொக் காலத்திலே, நெல் வரி ஒழிக்கப்பட்டது.

அவ்வாறாயின் அரிசி விலை இறங்கியிருக்க வேண்டுமன்றோ? இங்கேதான் முதற்பாடம் உள்ளது. நெல் வரி ஒழிந்தபோதும் வெளிநாட்டு அரிசி மீதான தீர்வை ஒழியவில்லை. தோட்டத் தொழிலாளர் உண்டதோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி. அவர்களது சோற்றின் மீதிருந்த வரி அப்படியே நின்றது. உள்ளூர் அரிசியை விலைக்கு வாங்கியவருக்கும் பெரும்பயன் கிடைக்க வழியில்லை. நாட்டுக்கு வேண்டிய அரிசியின் பெரும்பங்கு கப்பலில் வரும்போது, சந்தை விலையை நிர்ணயிப்பது தீர்வை கட்டி வந்த அந்த மூடையே ஆகும். உழவனின் வயல் காப்பாற்றப்பட்டது, அஃது நீதியே. ஆயின் ஒரு வரி ஒழிந்தால் அதனோடு தொடர்புடைய பண்டத்தின் விலை தானே இறங்கிவிடும் என்று எண்ணுவது பிழை. எந்த இடத்திலே, யாருடைய பொருளின் மீது, எவ்வளவு குறைக்கப்பட்டது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

இரண்டாம் பாடத்தைத் தோட்டத்தின் அரிசிக் கணக்கு கற்பிக்கின்றது. பழைய தோட்டங்களிலே தொழிலாளி அரிசியைக் கடைக்குச் சென்று, விலை கேட்டு, பேரம் பேசி வாங்கியவன் அல்லன். தோட்டமே அரிசியைத் தருவித்து அளந்து கொடுத்தது. அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. கங்காணியிடம் கடன், கடையிலே பற்று, தோட்டத்திலே முற்பணம் என மூன்று கயிறுகள் அவனைக் கட்டியிருந்தன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்வதாயின் கடன் தொகையை எழுதிய துண்டுடன் செல்ல வேண்டியிருந்தது. துண்டு முறை எனப்பட்ட இவ்வழக்கம் 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் சம்பளம் விதிக்கப்பட்டபோது, உயர்மலைத் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என வரையறுத்தனர். அத்துடன் ஒரு புசல் அரிசியை 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படாமற் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தனர். ஓர் ஆண் ஏறத்தாழ ஒன்பது நாள் உழைத்தாலே ஒரு புசல் அரிசி என்பது அன்றைய கணக்கு. விலையேற்றத்திலிருந்து தொழிலாளியைக் காக்கும் நல்லேற்பாடு இது என்பதில் ஐயமில்லை. எனினும் 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே உலக மந்தத்தால் அரிசி விலை வீழ்ந்தபோது நிகழ்ந்தது யாது? வாழ்க்கைச் செலவு குறைந்தது என்ற காரணத்தைக் காட்டிச் சம்பளமும் குறைக்கப்பட்டது. அரிசி மலிவானதன் பயன் உண்பவன் கையிலே தங்கவில்லை. வேறு கடைக்குப் போகும் உரிமையும் கையிலே காசும் இல்லாதவனுக்கு விலைவீழ்ச்சியின் பயன் எளிதிற் கிட்டாது என்பதே இரண்டாம் பாடம்.

இனி, விற்பனை மீது வரி விதிக்கும் முறை இந்நாட்டிலே வேரூன்றிய வரலாற்றுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியே புரள்வு வரி வந்தது. 1998 ஏப்ரலிலே அதனிடத்தைப் பொருட்கள் சேவைகள் வரி பிடித்தது; அதன் வீதம் நூற்றுக்கு 12.5. 2002 ஆகத்து முதல் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தது. அதன் வீதம் காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 2015இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 11 ஆக இருந்த அது, 2016 நவம்பரில் 15 ஆயிற்று. இவ்வாறு ஏறிய வரியை 2019 திசெம்பர் 1ஆந் திகதி முதல் அரசாங்கம் ஒரே அடியாக 8 ஆகக் குறைத்தது. நூற்றுக்கு 2 ஆக இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் அதே நாளில் நீக்கப்பட்டது. இலங்கையின் வரி வரலாற்றிலே இத்துணைப் பெரிய குறைப்பு அரிது.

இக்குறைப்பு முழுவதும் வாங்குவோரைச் சென்றடைந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? வரியில்லாமல் 100 ரூபாப் பெறுமதியுள்ள சவர்க்காரத்தை எடுத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரியை மட்டும் நோக்கினால், 115 ரூபாவுக்கு விற்றது 108 ரூபாவாக வேண்டும். அதாவது விலையிலே நூற்றுக்கு ஆறு அளவிற் குறைவு. வரியைத் தனியே எழுதிக் காட்டும் கட்டணச் சீட்டுகளிலே இக்குறைவைக் கண்ணாற் காண முடிந்தது. தொலைபேசிக் கட்டணம் இதற்கு எடுத்துக்காட்டு. சீட்டே இல்லாத கடையிலோ, வரி விலைக்குள்ளே கரைந்து கிடக்கின்றது. உப்புக் கரைந்த நீரிலிருந்து உப்பின் அளவைச் சொல்லுவது எங்ஙனம்?

பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறக் கடைகளைப் பொறுத்தவரையிலே மற்றொரு நுணுக்கமும் உண்டு. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டியவர், ஆண்டு விற்பனை ஒரு குறித்த எல்லையைத் தாண்டியவரே. பொதுவான எல்லை அந்நாளில் ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபா. 2020 சனவரி முதல் அது 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. லயத்தருகே பலகைக் கதவு வைத்த சிறுகடை பழைய எல்லையையும் தொடவில்லை; புதிய எல்லையை எண்ணிப் பார்க்கவும் வேண்டியதில்லை. ஆகவே அக்கடைக்காரர் அரசாங்கத்துக்கு நேரே வரி கட்டியவர் அல்லர். அவர் குறைக்க வேண்டிய வரி என்று அவருடைய ஏட்டிலே ஒன்றும் இல்லை. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் மொத்த வியாபாரியும் கொள்முதல் விலையைக் குறைத்துக் கொடுத்தாலன்றி அவர் குறைப்பதற்கு இடமில்லை. வரி கொழும்பிலே குறைகின்றது. விலை மடுல்சீமையிலே குறைய வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு கையும் சிறிது பிடித்துக்கொண்டால் கடைசிக் கைக்கு வருவது யாது?

இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளியின் மாதச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு, நெத்தலி ஆகியனவே அதிற் பெரும்பகுதி. இவற்றிலே பருப்பு, சீனி, வெங்காயம், மிளகாய், கருவாடு முதலிய இறக்குமதிப் பண்டங்கள் 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தன. பல வரிகளுக்குப் பதிலாகக் கிலோவொன்றுக்கு இத்தனை ரூபா என்று துறைமுகத்திலே ஒரே அறவீடாக வாங்குவது அச்சட்டத்தின் முறை. அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பெறுமதி சேர் வரியிலிருந்து விலக்கு இருந்தது. ஆதலால் 2019 திசெம்பரிலே பெரிதாக அறிவிக்கப்பட்ட குறைப்பு, ஏழைக் குடும்பத்தின் பையிலுள்ள பல பண்டங்களைத் தொடவே இல்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கும் வீட்டுக்கு அது பேருதவி; பருப்பு வாங்கும் வீட்டுக்கு அது வெறுஞ் செய்தி. அதே மாதத்திலே மழையினால் மரக்கறி விலையும் ஏறியமையால், வரி குறைந்தது என்ற சொல்லே மக்களுக்கு வியப்பாயிற்று.

அரசாங்கத்தின் பெட்டியிலோ இக்குறைப்பு உடனே தெரிந்தது. 2019இல் ஏறக்குறைய 44,400 கோடி ரூபாவாக இருந்த பெறுமதி சேர் வரி வருமானம், 2020இல் ஏறக்குறைய 23,400 கோடியாகச் சுருங்கிற்று. அவ்வாண்டிலே பரவிய பெருந்தொற்றும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

ஏழையின் பையிலுள்ள பண்டம் ஒன்றின் வரியையே நேரே குறைத்தால் பயன் கிட்டாதா என்ற வினா அடுத்து எழும். அதற்கும் வரலாறு விடை தந்துள்ளது. 2020 ஒற்றோபர் 13ஆந் திகதி, சீனி மீதான விசேட அறவீடு கிலோவொன்றுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கிலோவுக்கு 49 ரூபா 75 சதம்! அக்காலத்திலே தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அதாவது ஒரு கிலோ சீனிக்குக் கிடைக்க வேண்டிய குறைவு, ஒரு நாட்சம்பளத்திலே பதினான்கில் ஒரு பங்கு. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி உலகுக்கு அனுப்பும் குடும்பத்திலே, காலையிற் பிள்ளை பாடசாலைக்குப் போகுமுன் குடிப்பது பெரும்பாலும் பாலில்லாத சாயத் தேநீர். அதற்குச் சுவையும் சக்தியும் ஊட்டுவது சீனி ஒன்றே. ஆகவே இது சிறிய விடயமன்று.

நிகழ்ந்தது யாது? துறைமுகத்திலே வரி ஏறத்தாழ முழுவதும் நீங்கியது. கடையிலே விலை அதற்கேற்ப இறங்கவில்லை. பழைய வரி கட்டிய இருப்பு இன்னும் தீரவில்லை என்றனர் வியாபாரிகள். நவம்பர் 10ஆந் திகதியளவில் பொதி செய்யப்படாத வெள்ளைச் சீனிக்குக் கிலோவொன்றுக்கு 85 ரூபா என உச்ச விலை வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. வரிக்குறைப்பு ஒரு நாளிலே வந்தது; வாங்குவோனைக் காக்கும் விலைக்கட்டளை நான்கு வாரம் பிந்தி வந்தது. பின்னர் 2021இன் தொடக்கத்திலே பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் இவ்விடயம் ஆராயப்பட்டபோது, அரசாங்கம் இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்டது என்றும், அதன் பயன் நுகர்வோருக்குச் சென்றடையவில்லை என்றும் வெளிவந்தது. சீனி வரி என்ற சொல் நாடெங்கும் மக்கள் வாயில் அடிபட்டது இதனாலேயே.

அதன் பின்னும் கதை முடியவில்லை. 2021 ஆகத்து மாதத்திலே சீனி கிலோவொன்று 200 ரூபாவைத் தாண்டிற்று. அறவீடோ அப்போதும் 25 சதமே. பண்டகசாலைகளிலே மறைத்து வைக்கப்பட்டிருந்த சீனி கண்டுபிடிக்கப்பட்டது. செத்தெம்பர் தொடக்கத்திலே பொதி செய்யப்படாத வெள்ளைச் சீனிக்கு 122 ரூபா என மீண்டும் உச்ச விலை வந்தது. நாணயத்தின் மதிப்பு வீழ்ச்சியும் உலகச் சந்தை விலையும் இவ்வேற்றத்திலே பங்கு கொண்டன. ஆயினும் சிலர் கையிலே சரக்கு முழுவதும் இருக்கும் பண்டத்தில், வரிக்குறைப்பு விலையைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் ஆகாது என்பது தெளிவாயிற்று. இதிலே ஊவாவுக்கு ஒரு தனி வேதனையும் உண்டு. பெல்வத்தை, செவனகலை என்னும் சீனி ஆலைகள் இரண்டும் இதே மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் உள்ளன. கரும்பு விளையும் மாகாணத்திலேயே தேநீருக்குச் சீனி எட்டாக்கனியாயிற்று.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். 2023 நவம்பர் தொடக்கத்திலே அதே அறவீடு 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அன்று கடைகளிலும் பண்டகசாலைகளிலும் இருந்த சீனி 25 சதம் மட்டுமே கட்டி இறக்கப்பட்ட சீனி. வரி குறைந்தபோது பழைய இருப்பு என்று காட்டிய நியாயம் இப்போதும் பொருந்த வேண்டுமன்றோ? பொருந்தவில்லை. விலை உடனே எழுந்தது. இரண்டொரு நாளிலேயே 275 ரூபா என உச்ச விலை விதிக்க வேண்டியதாயிற்று. வரி குறைந்தால் பழைய சரக்கு நினைவுக்கு வருகின்றது. வரி கூடினால் பழைய சரக்கு மறந்துபோகின்றது. தராசின் இரு தட்டுக்கும் இருவேறு படிக்கற்கள் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய குறை என்று எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. பிரான்சு நாட்டிலே 2009 சூலை 1ஆந் திகதி உணவகங்களின் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 19.6இலிருந்து 5.5 ஆகக் குறைக்கப்பட்டது. முழுப்பயனும் உண்போருக்குச் சென்றிருப்பின் விலை நூற்றுக்கு 11.8 அளவிற் குறைந்திருக்க வேண்டும். உணவகச் சங்கங்கள் வாக்குறுதியும் அளித்தன. உண்மையில் முதல் மாதங்களிலே விலை குறைந்தது நூற்றுக்கு 2இற்கும் கீழே. பின்லாந்திலே 2007இல் முடிதிருத்துவோரின் வரி 22இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டு, ஐந்தாண்டின் பின் 2012இல் மீண்டும் உயர்த்தப்பட்டது. இதனை ஆராய்ந்த பொருளியலறிஞர், வரி கூடியபோது விலை ஏறிய அளவு, வரி குறைந்தபோது விலை இறங்கிய அளவைப் போல் இரு மடங்கு என்று கண்டனர்.

இந்தியா இந்நோய்க்குச் சட்டத்தால் மருந்து தேடிற்று. 2017 சூலையிலே சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, வரிக்குறைப்பின் பயனை விலைக்குறைப்பாக வாங்குவோருக்கு வழங்கியே ஆகவேண்டும் என்று அச்சட்டத்தின் 171ஆம் பிரிவு விதித்தது. மீறுவோரை விசாரிக்க ஒரு தேசிய அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே உணவகங்களின் வரி நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தபோது, அடிப்படை விலையை உயர்த்திப் பழைய தொகையையே வாங்கினார்கள் என்று பல முறைப்பாடுகள் எழுந்தன. கொள்முதலிற் கட்டிய வரியைக் கழிக்கும் சலுகை போய்விட்டது என்று உணவகத்தார் விடை கூறினர். நியாயமான விலை எது என்று கணக்கிடுவதே பெருஞ் சிக்கலாயிற்று. அவ்வதிகாரசபையின் பணி 2022 திசெம்பரில் இந்தியப் போட்டி ஆணைக்குழுவிடம் மாற்றப்பட்டது. சட்டம் வேண்டும், ஆயின் சட்டம் மட்டும் போதாது என்பதை அயல்நாட்டு அனுபவம் காட்டுகின்றது.

இவ்விடத்திலே சிறுகடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நீதியன்று. தோட்டத்துக் கடைக்காரர் மாதம் முழுவதும் கடனாகச் சாமான் கொடுக்கின்றார். சம்பள நாளிலே பற்றுக் கொப்பியைப் பார்த்து வாங்குகின்றார். மழையிலே வேலைநாள் குறைந்தால் அவருடைய கடனும் அடுத்த மாதத்துக்குப் போகின்றது. பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ சரக்கேற்றும் கூலி அவருடையது. நூறு கிராம், ஐம்பது கிராம் எனச் சரை கட்டி விற்கும்போது, கிலோவுக்கு ஏழெட்டு ரூபாக் குறைந்தாலும் ஒரு சரைக்கு வருவது சில சதங்களே. சதக் காசு புழக்கத்திலிருந்து மறைந்த நாட்டிலே அக்குறைவைக் கொடுப்பதற்கு நாணயமே இல்லை. ஏறும்போதோ ஐந்து ரூபாவாக, பத்து ரூபாவாக ஏறுகின்றது.

ஆயினும் வாங்குவோன் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதுளை நகரிலே நாலு கடை ஏறி இறங்கக்கூடியவன் விலை ஒப்பிட்டு வாங்குவான். அவனை இழக்க அஞ்சி வியாபாரியும் குறைப்பான். கூட்டுறவுக் கடையும் சதொசவும் அருகிலிருந்தால் அவ்வச்சம் இன்னும் மிகும். மலை உச்சித் தோட்டத்திலே வாழ்பவனுக்கு நகருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமே குறைந்த விலையை விழுங்கிவிடும். கொப்பியிலே கடன் இருக்கும்போது, அண்ணே, வரி குறைந்ததாமே என்று கேட்கவும் நா எழாது. ஆக, போட்டி, செய்தி, ரொக்கக் காசு ஆகிய மூன்றும் உள்ள இடத்துக்கு வரிக்குறைப்பு விரைந்து வருகின்றது. இம்மூன்றும் அருகிய இடத்துக்குப் பிந்தியும் குறைந்தும் வருகின்றது, சில வேளை வாராமலே போகின்றது. வரியுயர்வுக்கு மட்டும் இம்மூன்றிலே ஒன்றும் தேவையில்லை.

இழப்பு இங்கே இரட்டிப்பாகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். வரி குறைந்து விலையும் குறைந்தால், அரசாங்கம் இழந்ததை மக்கள் பெற்றனர் என்று ஆறுதல் கொள்ளலாம். வரி குறைந்து விலை குறையாவிட்டால், வைத்தியசாலைக்கு மருந்தும் பாடசாலைக்குக் கட்டடமும் ஆக வேண்டிய பணம் இடைவழியிலே நின்றுவிடுகின்றது. அக்குறையை நிரப்பப் பின்னர் வரி உயரும்போது, பயன் பெறாதவனும் அதைக் கட்டுகின்றான். இலங்கையிலே இது கண்கூடாக நிகழ்ந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் அறிவித்தது. நெருக்கடிக்குக் காரணங்கள் பல. வரி வருமானத்தின் வீழ்ச்சி அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு சூனிலே பெறுமதி சேர் வரி 12 ஆகவும் செத்தெம்பரிலே 15 ஆகவும் உயர்ந்து, 2024 சனவரி முதல் 18 ஆயிற்று. 2022 செத்தெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் நூற்றுக்கு 94.9 உயர்ந்திருந்தது. 2019இன் குறைப்பிலே பங்கு காணாத லயத்து வீடு, 2022இன் உயர்விலே தன் பங்கை முழுமையாகச் செலுத்திற்று.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியது விரக்தி அன்று. வரி குறைக்கப்படும் நாளிலேயே, இன்ன பண்டத்துக்குக் கிலோவொன்றுக்கு இத்தனை ரூபா இத்தனை சதம் குறைய வேண்டும் என்று எளிய தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்பட வேண்டும். நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு கடை வாசலிலே பயன்படாது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் கண், நகரக் கடைவீதியோடு நில்லாமல், துறைமுகத்தருகேயுள்ள பண்டகசாலையையும் தோட்டத்து வீதியையும் எட்ட வேண்டும். பழைய இருப்பின் கணக்கு வரி குறையும் நாளிலும் கூடும் நாளிலும் ஒரே முறையாக எடுக்கப்பட வேண்டும். தோட்டங்கள்தோறும் கூட்டுறவுக் கடை ஒன்று நேர்மையாக நடைபெறின், அதன் விலைப்பலகையே அயற்கடைகளுக்கு அளவுகோலாகும்.

1892இல் நெல் வரி ஒழிந்தபோது லயத்திலே வாழ்ந்தவருக்குத் துறைமுகத் தீர்வையைப் பற்றிச் சொல்லுவார் இல்லை. 1930ஆம் ஆண்டுகளிலே அரிசி மலிந்தபோது சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்க அவர்களுக்குப் போதிய பலம் இல்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகள் எழுத்தறிந்தவர்கள், வாக்குரிமை உடையவர்கள், கையிலுள்ள தொலைபேசியிலே புறக்கோட்டை விலையை அன்றே அறியக்கூடியவர்கள். சாமான் பையுடன் கடைக்குச் செல்லும் தாய், நேற்று என்ன வரி, இன்று என்ன வரி என்று அறிந்து, விலையை அமைதியாகக் கேட்கத் தொடங்குவாளாயின், இடையிலுள்ள கைகள் சிறிது தளரும். அவளிடம் பதில் சொல்லும் கடைக்காரரும் தமக்குச் சரக்குக் கொடுத்தவரைக் கேட்பார். கேள்வி இவ்வாறு படிப்படியாகக் கொழும்புக்கு இறங்கினால், குறைந்த விலையும் அதே படிகளில் மலைக்கு ஏறி வரும்.